நிழலை விட்டு வராத மாப்பிள்ளை

அறிவுக்குப் பேர் போன ஊர் முத்துத்திடல். போன பேர் இன்றுவரை திரும்பி வரவில்லை. அந்தக் கடற்கரை ஊரில் கருவாடு காயப்போட்டு விற்கும் கூட்டாளிகள் நாலு பேர் இருந்தார்கள்: இருளாண்டி, கூத்தையா, தவமணி, சோலையப்பன். இவர்களில் யோசிக்கும் பொறுப்பு இருளாண்டியுடையது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு யோசிப்பான். மற்ற மூவரும் வாயைத் திறந்தபடி மரியாதையாகக் காத்திருப்பார்கள்.

மீனை வெயிலில் போட்டால் கருவாடாகும் என்பது நாலு பேருக்கும் தெரியும். பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிற ஆளும் அப்படியே ஆவான் என்பதுதான் தெரியாது. அந்தச் சித்திரையில் சட்டை போடாமல் மீன் புரட்டிக்கொண்டிருந்த சோலையப்பனுக்கு முகமும் கழுத்தும் சிவந்தன, எரிந்தன, பிறகு வெங்காயச் சருகு மாதிரி உரிய ஆரம்பித்தன. அவன் கல்யாணத்துக்குப் பத்தே நாள் இருந்தது.

மணப்பெண் செண்பகவல்லி அவனுக்கு அத்தை மகள். பக்கத்து ஊர்க்காரி. கேள்வி கேட்கும் பழக்கம் உள்ளவள் என்பதால் முத்துத்திடலில் அவளைப் பார்த்தால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். சேதி காதுக்கு எட்டியதும் போன் போட்டாள்.

"மாமா, மூஞ்சி உரியுதாமே?"

"பாதிதான் வல்லி. மிச்சப் பாதி அப்படியே இருக்கு."

"உங்க தோலையே உங்களால காப்பாத்த முடியல. என்னய எப்படிக் காப்பாத்துவீங்க? போய் வைத்தியம் பாருங்க. கல்யாணத்தன்னிக்கு மூஞ்சி ஆறியிருந்தாத்தான் தாலி. இல்லாட்டி வந்த வண்டியிலயே ஏறிப் போயிருங்க."

சோலையப்பன் அழுதான். அவளை அவனுக்கு உண்மையாகவே பிடிக்கும். கண்ணீர் பட்டுக் கன்னம் எரிந்ததால் அதற்கும் சேர்த்து அழுதான். கூட்டாளிகள் மனம் பொறுக்காமல் டவுனில் நடந்த தோல் மருத்துவ முகாமுக்கு அவனைக் கூட்டிப் போனார்கள்.

முகாமில் இருந்த டாக்டரம்மா தங்கமான மனுஷி. வந்தவர்களுக்குப் புரியட்டும் என்று விளக்கமாகப் பேசினார். அது ஒன்றுதான் அவர் செய்த தப்பு.

"வெயில் சுட்ட தோல் இது. ஒரு வாரத்துல ஆறிடும். காலையில பத்து மணியிலேர்ந்து சாயந்தரம் நாலு மணி வரைக்கும் வெயில்ல தலை காட்டாதீங்க. அந்த நேரத்துல நிழலை விட்டு வெளிய வரவே கூடாது. இந்த சன்ஸ்கிரீனை முகம், கழுத்து, காதுன்னு நல்லாப் பூசணும். கண்ணுல படாம பூசுங்க. ஒரு தடவை பூசினாப் போதாது, திரும்பத் திரும்பப் பூசணும். என்ன, புரிஞ்சுதா?"

புரிந்தது என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். வழியெல்லாம் இருளாண்டி அதை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டே வந்தான். நாலைந்து சொல்லை மறந்து தொலைத்திருந்தால் ஊருக்கு நல்லதாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் வேலையை ஆரம்பித்தார்கள்.

"கண்ணுல படாம பூசணும்னாங்க," என்றான் இருளாண்டி. "யாரு கண்ணுலன்னு அந்தம்மா சொல்லலியே."

"சொல்லாட்டி எல்லாரு கண்ணும்தான்ணே," என்றான் தவமணி. "வாங்க, படகுக்குப் பின்னால போயிருவோம்."

போனார்கள். அங்கே யாருமில்லை. கூத்தையா மட்டும் முகம் வெளிறி நின்றான். "அண்ணே, இங்கயும் எட்டுக் கண்ணு இருக்கு."

எண்ணிப் பார்த்தார்கள். எட்டுதான். தங்கள் கண்ணும் கண் கணக்கில் சேருமா என்று வெகுநேரம் விவாதம் நடந்தது. சேரும் என்று தீர்ப்பானதால் நாலு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பூச ஆரம்பித்தார்கள். முதல் கை தவமணியின் காதுக்குள் போயிற்று. இரண்டாவது கை படகுக்குப் போயிற்று. மூன்றாவது கையில் சோலையப்பன் அலறினான். ஆக, டாக்டரம்மா சொன்னபடியே யார் கண்ணிலும் படாமல் பூசிவிட்டார்கள், சோலையப்பனின் கண்ணைத் தவிர.

"அடுத்தது திரும்பத் திரும்பப் பூசறது," என்றான் இருளாண்டி.

"எந்தப் பக்கமாண்ணே திரும்பணும்?"

"கோயிலைச் சுத்தற மாதிரி வலப்பக்கமா. நல்ல காரியமில்ல?"

சோலையப்பன் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தான். மூவரும் சுற்றி நின்று, கன்னம் வரும்போது கன்னத்திலும் பிடரி வரும்போது பிடரியிலும் பூசினார்கள். மாவாட்டுகிற கல் கூட அவ்வளவு ஒழுங்காகச் சுற்றாது. நாற்பதாவது சுற்றில் அவன் மணலில் விழுந்து காலையில் குடித்த கஞ்சி முழுவதையும் வாந்தி எடுத்தான். உள்ளே போயிருந்த வெயில் வெளியே வருகிறது என்று மூவரும் சந்தோஷப்பட்டார்கள். தினமும் இருவேளை சுற்றவிட்டார்கள்.

மணி பத்தாயிற்று. தலை காட்டக்கூடாத நேரம். மீன் அள்ளும் பனை ஓலைக் கூடை ஒன்றைச் சோலையப்பன் தலையில் கழுத்து வரைக்கும் கவிழ்த்தார்கள். கைகாலைப் பற்றி டாக்டரம்மா ஒன்றும் சொல்லாததால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவன் வழக்கம்போல வேலைக்குப் போனான். இரண்டு முறை கடலுக்குள் நடந்தான். ஒருமுறை பக்கத்து வீட்டு எருமையிடம் வெகுநேரம் கல்யாணத்துக்கு அழைப்பு சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் தலையை யாருக்கும் காட்டவில்லை. கூடைக்குள் முகமும் மூளையும் வெயில் படாமல் பத்திரமாக இருந்தன. மூளை முன்பிருந்தே புதுக்கருக்கு அழியாமல்தான் இருந்தது.

நிழல் விஷயம்தான் மிகச் சுலபம் என்று இருளாண்டி சொல்லிவிட்டான்.

"நிழலை விட்டு வரக்கூடாது, அவ்வளவுதானே? அவனவன் நிழலு அவனவன் கால்லயே ஒட்டிக்கிட்டு வருது. நாம விட்டாலும் அது விடாது."

அதனால் நட்டநடு வெயிலில் நின்று வேலை பார்த்தார்கள். அரைமணிக்கு ஒருமுறை கூத்தையா வந்து குனிந்து, சோலையப்பன் நிழல் அவனோடு இருக்கிறதா என்று சரிபார்த்துச் சொல்லுவான். சாப்பாடு கூட மணலில் உட்கார்ந்துதான். புதன்கிழமை ஒரு மேகம் வந்து நிழலைக் காணாமல் அடித்துவிட்டது. அது விலகும்வரை நாலு பேரும் ஒரு அடி நகராமல், தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பெண் வீட்டு வாசலில் பெரிய பந்தல். முகூர்த்தம் பத்தரை மணிக்கு. மாப்பிள்ளை வேன் வந்து நின்றது பத்தே காலுக்கு. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, மாலை, அதற்கு மேலே மீன் கூடை. சீர்வரிசையாக நாலு கூடைக் கருவாடும் இறங்கியது. கல்யாண வீட்டுக்குக் கருவாட்டோடு வரும் துணிச்சல் யாருக்கு வரும்? நாயனக்காரர் மூச்சு விட முடியாமல் நாயனத்தைக் கீழே வைத்தார்.

செண்பகவல்லி மணக்கோலத்தோடு விறுவிறுவென்று வந்தாள். "கூடைய எடுங்க மாமா."

"நாலு மணிக்கு மேல காட்டறேன் வல்லி."

அவளே பிடுங்கினாள். உள்ளே இருந்த முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஒருவாரம் வெயிலே படாததால் முகம் தானாக ஆறி, தளதளவென்று இருந்தது. பட்டுச் சட்டைக்குள் முதுகும் தோளும் வெந்துபோய்க் கிடந்தன. ஆனால் அவள் மூஞ்சியைப் பற்றித்தானே பேசியிருந்தாள்?

"பரவாயில்ல, புத்தி இருக்கு," என்றாள். சோலையப்பனை வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அப்படிச் சொன்னார். "வாங்க, பந்தலுக்குள்ள போவோம்."

சோலையப்பன் பூரித்துப்போய் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"டேய், நில்லு!" என்று கத்தினான் இருளாண்டி. "உள்ள போனவங்களைப் பாருடா. ஒருத்தருக்காவது நிழலு இருக்கா?"

பார்த்தான். பந்தலுக்குள் இருந்த இருநூறு பேரில் ஒருவருக்கும் நிழலைக் காணோம். வாசல் வரைக்கும் கூட வந்த நிழலை எல்லோரும் வெளியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சோலையப்பன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வெயிலில் நின்றான்.

"அந்தப் பந்தலே நிழலுதான் மாமா! உள்ள வாங்க!"

"அது பந்தலோட நிழலு வல்லி. என் நிழலை விட்டு நான் எப்படி வருவேன்?"

அவள் ஒரு குடையை வாங்கி நீட்டினாள். "அது குடையோட நிழலு," என்றான் தவமணி, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல.

முகூர்த்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இருளாண்டி தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு பாயைக் கொண்டுவந்து சோலையப்பன் நிழல் விழுந்த இடத்தில் விரித்தான். நிழல் பாய்மேல் படுத்தது. சட்டென்று பாயைச் சுருட்டி, இரண்டு முனையையும் கயிற்றால் கட்டி, மூவருமாகத் தோளில் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் ஓடினார்கள். மணவறைக்கு முன்னால் மெதுவாகப் பிரித்தார்கள். உள்ளே நிழல் இல்லை.

"பாயில ஓட்டை இருக்குண்ணே," என்றான் கூத்தையா, விரலை விட்டுக் காட்டி. "வர்ற வழியில ஒழுகிருச்சு."

செண்பகவல்லி கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். மூஞ்சி ஆறியிருந்தால் தாலி என்று சொன்னது அவள்தான். சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை. கோபம் ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம், ஊரே பார்க்கிறதே என்ற வெட்கம் ஒருபக்கம். அதையெல்லாம் தாண்டி, இந்த மனுஷன் தனக்காக ஒருவாரம் மீன் கூடைக்குள் இருந்திருக்கிறான் என்பதும் மனசில் பட்டது.

"நிழலு உள்ள வராதுன்னா நான் வெளிய வர்றேன்," என்று வெயிலில் வந்து நின்றாள்.

பெண் வெளியே வந்ததும் பூசாரி வந்தார். மேளம் வந்தது. அட்சதையோடு இருநூறு பேரும் வந்து வெயிலில் நின்றார்கள். மணி பத்தைத் தாண்டியிருந்ததால் சோலையப்பன் கூடையை மறுபடி கவிழ்த்துக்கொண்டான். செண்பகவல்லி அவன் கையைப் பிடித்துத் தன் கழுத்துக்கு வழி காட்டினாள். மூன்று முடிச்சும் விழுந்தன. அதற்குள் பெண் வீட்டார் அத்தனை பேருக்கும் மூக்கு சிவந்துவிட்டது.

"உங்க கூட்டாளிங்க எங்க மாமா? அட்சதை போடக்கூட வரலியே?"

சோலையப்பன் கூடையைக் கொஞ்சம் தூக்கி எட்டிப் பார்த்தான். காலியாகிப்போன பந்தலுக்குள், குளுகுளு நிழலில், நாலு கூடைக் கருவாடும் வரிசையாகப் பரப்பிக் கிடந்தது. இருளாண்டியும் தவமணியும் கூத்தையாவும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இதுவும் வெயில் சுட்ட தோல்தானே என்று மிச்சமிருந்த சன்ஸ்கிரீனை எடுத்து, ஒவ்வொரு கருவாட்டையும் வாலைப் பிடித்து வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளைய விட இதுங்க தேவலைண்ணே," என்று கூத்தையா சொல்வது வாசல் வரைக்கும் கேட்டது. "எவ்வளவு சுத்தினாலும் வாந்தி எடுக்கல."