இருபத்தேழு தடவை பார்த்த படம்

குருவுக்கு வயது நாற்பத்தெட்டு. சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு.

குரு ஜெரால்டு, திருநெல்வேலியில் ஒரு வாரப் பத்திரிகையின் சினிமா விமர்சகர். சிஷ்யை சங்கரவடிவு, ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள். சினிமா என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"உங்களுக்கு உயிரான படத்தைப் பத்தி எழுதிட்டு வாங்க அக்கா. சரியா வந்தா போட்டுருவோம். அப்புறம் வாராவாரம் நீங்களும் எழுதலாம்" என்று சொல்லியிருந்தார் ஜெரால்டு.

வடிவு உருகி உருகி எழுதினாள். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய காதல் படம் அது. இருபத்தேழு தடவை பார்த்திருக்கிறாள். ஜெரால்டு எழுதிய முதல் விமர்சனமே அந்தப் படத்துக்குத்தான். அந்தத் தாளைக் கத்தரித்து இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறாள்; ஜெரால்டிடமும் காட்டியிருக்கிறாள். அதைப் படித்துத்தான் அவளுக்கு இந்த எழுத்து ஆசையே வந்தது.

ஜெரால்டு பேனாவோடு படித்தார்.

"நல்லா இருக்கு அக்கா. 'கதாநாயகி', 'கதாநாயகி'ன்னு அஞ்சு இடத்துல வருது. படத்துல அவ பேரு என்ன? அதைப் போட்டுருவோம்."

வடிவு வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை.

மழையில் கதாநாயகி ஏறிய பஸ்ஸின் நம்பர் தெரியும். தாவணியில் எத்தனை பூ என்றுகூடத் தெரியும். பேர் மட்டும் தெரியவில்லை. மானம் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்குச் சொல்லுதேன் சார்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, இருபத்தெட்டாவது தடவையாக, காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்தாள். சாயங்காலம் பத்திரிகை ஆபீஸுக்குள் வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"சார், அவளுக்குப் பேரே இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"ரெண்டரை மணி நேரத்துல ஒருத்தரும் அவளைப் பேரு சொல்லிக் கூப்பிடல. அப்பா 'பாப்பா'ங்காரு. அம்மா 'ஏட்டி'ங்கா. கதாநாயகன் 'ஏ புள்ள'ங்கான். வில்லன் வீட்டு நாய்க்குப் பேரு இருக்கு சார், டைகர்!"

"கல்யாணப் பத்திரிகை காட்டுவாங்களே?"

"நிறுத்திப் பாத்தேன். கதாநாயகன் கட்டைவிரல் அவ பேரு மேல இருக்கு."

வடிவு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நானும் ஒரு பொம்பளதானே சார். இருபத்தேழு தடவ கைதட்டியிருக்கேன். ஒரு தடவகூட எனக்கு உறைக்கலயே! இனி நான் என்னத்தப் பாத்து, என்னத்த எழுத? நான் எழுதுனதக் கொடுங்க, கிழிச்சுப் போடுதேன்."

ஜெரால்டு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எல்லாம் தெரிஞ்சுதானே கேட்டீங்க சார்? உங்களுக்கு இது எப்போ தெரியும்?"

"அந்தப் பழைய விமர்சனம் பர்ஸுல இருக்கா?"

எடுத்துக் கொடுத்தாள். ஜெரால்டு மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். கதாநாயகியை 'மஞ்சள் தாவணி' என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தார். பேர் எங்கும் இல்லை. அவருக்கு முகம் வியர்த்துவிட்டது.

"இப்பதான் தெரியும் அக்கா. நீங்க சொல்லித்தான்."

வடிவு அவரையே பார்த்தாள்.

பேனாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எழுதுங்க. கவனிக்காம விட்டவன்னு என் பேரையும் போட்டு எழுதுங்க."