பேர் சொல்லாத தமுக்கு

முன்னொரு காலத்தில் ஓர் ஆற்றின் இரு கரையையும் சேர்த்து மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவனா கெட்டவனா என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம்; நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பாடு திண்டாட்டம்.

அவன் செய்த ஏற்பாடு ஒன்று மட்டும் உருப்படியானது. சபையில் கறுப்புத் திரை ஒன்றைக் கட்டி, குறை இருக்கிறவர்கள் அதன் பின்னால் வந்து சொல்லலாம், சொன்னது யார் என்று வெளியே தெரியாது என்றான். அதிகாரிகளுக்குப் பயந்து கிடந்த சனம் அதை நம்பி வந்து பேசியது.

அவைப் பண்டிதர் சபாபூஷணத்துக்கு அது போதவில்லை. மந்திரி சேந்தனின் பேச்சுக்கு ராஜா காது கொடுக்கிறானே என்று ஏற்கெனவே வயிறு எரிந்துகொண்டிருந்த மனிதர் அவர். திரைக்குப் பின்னால் கேட்டதை எல்லாம் தமுக்கடித்து ஊருக்குச் சொன்னால் ராஜாவின் கருணை நாலு பேருக்குத் தெரியும், திருடனும் நடுங்குவான், பேரை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றார். சேந்தன் வேண்டாம் என்றார். ராஜாவுக்கோ அன்றைக்குப் புகழ் மேல் ஆசை.

அந்த வாரமே ஒரு பெண் திரைக்குப் பின்னால் வந்தாள். பஞ்சத்துக்கென்று வைத்திருந்த நெல்லைக் களஞ்சிய அதிகாரி மூட்டை மூட்டையாகக் கடத்துவதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். மறுநாள் தமுக்கு முழங்கியது. களஞ்சியத்தில் நெல் புடைக்கிறவள், அக்கரையிலிருந்து வருகிறவள், இரட்டைப் பிள்ளைக்குத் தாய், இப்படி ஒருத்தி துணிந்து உண்மை சொன்னாள் என்று தமுக்கடிப்பவன் கடைத்தெருவெல்லாம் புகழ்ந்து சொன்னான். பேர் மட்டும் இல்லை. அவளை அது காப்பாற்றவும் இல்லை. இரண்டொரு நாளில் ஓடத்துறை நாணலில் அவள் உடல் ஒதுங்கியது, கழுத்தில் கயிற்றுத் தடத்தோடு. அதிகாரி எல்லை தாண்டி ஓடிவிட்டான். இதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவள் புருஷன் வீரணன் ஓடக்காரன். ஈர வேட்டியோடு சபைக்கு வந்து, "உங்க தமுக்குதான் எம் பொண்டாட்டியைக் கொன்னுச்சு" என்றான்.

ராஜாவின் முகம் கறுத்தது. சபாபூஷணம் நிதானமாக எழுந்தார். நெல் புடைக்கிற பெண்கள் ஊரில் எத்தனையோ, அக்கரையிலிருந்து வருகிறவர்கள் எத்தனையோ, இரட்டைப் பிள்ளை பெற்றவர்களுக்கும் குறைவில்லை. பேர் சொல்லாமல் யாரையும் காட்டிக்கொடுக்க முடியாது, இவள்தான் எங்கேயோ வாயை விட்டிருப்பாள் என்றார். ராஜாவுக்கு அது வசதியாக இருந்தது. அரசைப் பழித்த நாக்கை அறுத்துவிடுங்கள் என்றான்.

காவலர்கள் வீரணனைப் பிடித்தபோது சேந்தன் குறுக்கே வந்தார்.

"ஒரு சோதனை வைப்போம், மகாராஜா. இந்தச் சபையில் உள்ள எல்லோரும், தாங்களும்தான், திரைக்குப் பின்னால் போய்த் தங்களைப் பற்றிச் சாதாரணமாக மூன்று செய்தி சொல்லட்டும். நாலாவதாக யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்லட்டும். நான் கேட்கிறேன். அதில் ஒருவருடைய செய்தியைப் பேர் இல்லாமல் தமுக்கில் விடுகிறேன். ஊர் ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் என் நாக்கையும் சேர்த்து அறுங்கள்."

ராஜாவுக்கு விளையாட்டென்றால் உயிர். முதல் ஆளாகத் திரைக்குப் பின்னால் போனான்.

பிற்பகலில் எல்லோரும் உப்பரிகையில் நின்று கீழே கடைத்தெருவைப் பார்த்தார்கள். தமுக்கடிப்பவன் முழங்கினான்: "இதனால் சகலருக்கும் அறிவிப்பது. ஒருவர் இருக்கிறார். இடக்கைக்காரர். மல்லிகை வாசம் பட்டால் தும்முகிறவர். யானை மேல் ஏற மாட்டார். மிச்சத்தை அடுத்த முழக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்."

ராஜா சிரித்தான். "இடக்கைக்காரர்கள் ஆயிரம் பேர் இருப்பார்களே, மந்திரி."

"இருப்பார்கள், மகாராஜா. கீழே பாருங்கள்."

போர்ச்சேவகன் ஒருவன், இடக்கையால் வாள் பிடிக்கிற ஒருவரைத் தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பூக்காரி கூடையை இறக்கினாள். திருவிழாவுக்கு மல்லிகை இல்லாமல் மாலை கட்டச் சொல்லி எந்த வீட்டிலிருந்து ஆள் வருகிறது என்று அவளுக்குத் தெரியும். பாகன் ஒருவன் வந்து சேர்ந்தான். ஊர்வலத்தில் பட்டத்து யானை ஏன் வெறும் முதுகோடு போகிறது என்று அவனுக்குத் தெரியும். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் தெருவே தலையைத் தூக்கி உப்பரிகையைப் பார்த்தது.

ராஜாவின் சிரிப்பு நின்றது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவன் சொன்ன நாலாவது செய்தி என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அவனுக்கு வேர்த்த வேர்வையைப் பார்த்தவர்கள் உண்டு.

"நாலாவதையும் தமுக்கடிப்பவனிடம் சொல்லிவிட்டீரா?" என்று மெல்லக் கேட்டான்.

"அது என் நெஞ்சோடு கிடக்கும், மகாராஜா. தங்களுக்கு இப்போது தொண்டை வறள்கிறதல்லவா? தமுக்குக் கேட்ட அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கும் வறண்டிருக்கும். அவளுடைய செய்தியில் மட்டும் ஒன்றையும் நாம் மிச்சம் வைக்கவில்லை."

சபாபூஷணம் நைசாகப் படியிறங்கப் பார்த்தார். ராஜா அவரை நிறுத்தி, அவர் சொன்ன நாலையும் இப்போதே தமுக்கில் விடச் சொன்னான். பண்டிதர் தடாலென்று காலில் விழுந்து அழுதார். அவருக்காகவும் சேந்தன்தான் வேண்டாம் என்றார். ராஜா அவருடைய பதவியைப் பிடுங்கி நாட்டைவிட்டே விரட்டினான். தமுக்கை நிறுத்தினான். சேந்தனுக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டான்.

"அந்தத் திரையை அவிழ்த்துவிடுங்கள். இனி அதன் பின்னால் யாரும் வர மாட்டார்கள்" என்றார் சேந்தன்.

கடைசியில் காவலர் பிடியிலிருந்த வீரணனை விடச் சொல்லி, அவன் பக்கம் திரும்பினான் ராஜா. கடைத்தெரு நடுவில் உன் மனைவிக்குக் கல் நடுகிறேன், அவள் பேரை எல்லோரும் படிக்கும்படி பெரிதாகச் செதுக்கச் சொல்கிறேன் என்றான்.

வீரணன் கைகூப்பினான்.

"அவளைப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டீங்க, பேரு ஒண்ணைத்தான் விட்டு வெச்சீங்க. அதாவது எங்களுக்குன்னு இருக்கட்டும் சாமி."

அவன் துறைக்குத் திரும்பிப் போனான். அவள் பேரை இந்தக் கதையில் யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை.