வியாழக்கிழமையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்

கோம்பைமேட்டுக் கொண்டப்பனுக்குச் செவந்தியைக் கட்டிக்கொள்ள அப்படி ஓர் ஆசை. அவள் அப்பா வீராசாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அஞ்சு மலை உச்சியையும் ஓடித் தொட்டுட்டு ஒரே நாள்ல திரும்பிடணும் மாப்ளே. வியாழக்கிழமை ஓட்டம், வெள்ளிக்கிழமை முகூர்த்தம்."

கொண்டப்பனுக்கோ கிணற்றடிவரை ஓடினாலே மூச்சு வாங்கும். கூட்டாளிகள் சடையனையும் பொம்மையனையும் கூட்டி வைத்து யோசித்தான்.

"நாள் எப்ப முடியும்?" என்றான் சடையன்.

"காலண்டர்ல தாளைக் கிழிச்சா முடியும்," என்றான் பொம்மையன்.

"கிழிக்கலைன்னா?"

இவ்வளவு பெரிய விஷயம் இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லையே என்று கொண்டப்பனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஊருக்கே இருந்த ஒரே காலண்டர் வீராசாமி வீட்டுச் சுவரில்தான் தொங்கியது. கேட்டதும் அவரே ஆணியோடு பிடுங்கிக் கொடுத்தார். அதைச் சடையன் முதுகில் கட்டிவிட்டு மூவரும் வியாழன் விடியற்காலை ஓட ஆரம்பித்தார்கள். ஊர் எல்லையிலேயே ஓட்டம் நடையாகிவிட்டது, அதை விடுங்கள்.

"ராத்திரி ஆயிடுச்சேடா," என்றான் பொம்மையன்.

"வியாழக்கிழமைக்கு ராத்திரி இருக்கக் கூடாதா?"

"இது மூணாவது ராத்திரி."

"பெரிய நாளு. அப்படித்தான் இருக்கும்," என்றான் சடையன்.

நாலாவது உச்சியில் பேய்க்காற்று. கொண்டப்பன் வியாழக்கிழமையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அடியில் இருந்த தாள் பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் பறந்தது.

"போனது நாளைக்கு உள்ளதுதானே. இன்னைக்கு உள்ளது பத்திரமா இருக்கில்ல," என்று சடையன் தேற்றினான்.

எட்டு ராத்திரி கழித்து நொண்டி நொண்டி ஊர் வந்து சேர்ந்தார்கள். வீராசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலண்டரைப் பார்த்தார். வியாழன். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க மாப்ளே," என்று கட்டிக்கொண்டார். கொண்டப்பனுக்குக் கால்வலியே மறந்துபோயிற்று.

முகூர்த்த நேரம் பார்க்க அவர் தாளைத் தூக்கினார். அடியில் சனிக்கிழமை இருந்தது.

"வெள்ளிக்கிழமை எங்க?"

"மலையில பறந்துடுச்சு மாமா," என்ற கொண்டப்பன் அழுதே விட்டான். கைக்கு எட்டிய கல்யாணம் இப்படியா போக வேண்டும், பாவம்.

செவந்தி சேலையை இழுத்துச் செருகினாள். "அழாதீங்க. ஊரே போய்த் தேடினா கிடைக்காமலா போகும்? அதுவரைக்கும் யாரும் தாளைக் கிழிக்கக் கூடாது."

சமையல்காரர் மட்டும் தயங்கினார். "கல்யாணத்துக்கு வச்ச சாம்பார் அண்டாவோட கிடக்கு. நாம வர்றதுக்குள்ள கெட்டுப்போயிடாதா?"

"வியாழக்கிழமை காலையில வச்ச சாம்பார் வியாழக்கிழமையே எப்படிய்யா கெடும்?" என்று வீராசாமி அதட்டினார்.

அண்டாவைத் திறந்தார்கள். வாசனை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. வழியில் பசிக்குமே என்று ஆளுக்கொரு தூக்குவாளி நிறைய ஊற்றிக்கொண்டு, ஊரே மலையேறியது.