முதல் வாளி

வருவதை முன்னே கண்டு, வேண்டியதை முன்னே வைக்கும் பரம பிதாவுக்கு ஸ்தோத்திரம்.

உப்பளக்கரை ஊராகிய சுகிர்தபுரத்தில் ஆலய அசன விருந்துக்குச் சோறு பொங்கியவர் தவசிமுத்து. சபைகுரு பாக்கியமணி ஐயர் கிரேக்கம் கற்றவர். அசனத்தன்று காலை அவர் ‘புரோனோயா’ என்னும் வேதச் சொல்லை எடுத்து, முன்னறிந்து பராமரிப்பதே அதன் பொருள் என்று நெடுநேரம் பிரசங்கித்தார். பின்பு சமையல் பந்தலுக்கு வந்தவர், தனியே மூடிவைத்த ஓர் அண்டாச் சோற்றைக் கண்டார்.

"என்னவே இது?"

"உப்பளத்து ஆட்களுக்கு ஐயா. வேலை முடிஞ்சு பொழுதடையத்தான் வருவாவ."

"அவர்களைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். எடுத்து வைப்பது அவிசுவாசம்! இப்போதே பந்தியில் கொட்டும். இல்லையென்றால் புரோனோயாவுக்கு என்னைவிட நல்ல விளக்கம் சொல்லும், பார்ப்போம்!"

தவசிமுத்து கரண்டியைக் கீழே வைத்தார். வீட்டுக்குச் சோறு வாங்க ஊரார் வரிசையாய் வைத்திருந்த வாளிகளைக் காட்டினார்.

"முதல் வாளி உங்க குருமனை வாளி ஐயா. அடுப்பு மூட்டுமுன்னமே வந்துட்டு. உங்க வீட்டுக்கு முன்கூட்டி நினைச்சா பராமரிப்பு, உப்பளத்தானுக்கு நினைச்சா மட்டும் அவிசுவாசமா?"

பந்தலே சிரித்தது. ஐயர் தம் வாளியைத் தாமே தூக்கிக் கடைசியில் வைத்தார். உப்பளத்தார் அண்டாவை அதன்பின் யாரும் தொடவில்லை.

"மிஞ்சினால் எனக்குப் போடும்" என்றார் ஐயர்.

"கவலைப்படாதீங்க ஐயா. இப்படி ஆகும்னு நினைச்சு, உங்களுக்கும் தனியா எடுத்து வச்சிருக்கேன்."

பிந்தி வருவோருக்கும் சோறு காத்திருக்கும் வீடாக, இதைக் கேட்போர் வீடு விளங்குவதாக. ஆமென்.