மூன்றாவது தடவை அணைந்தது

“ஏனுங்க டீச்சர், புது மெஷின் எதுக்குங்க சாகுது?”

செங்கோடன் வாசலிலேயே நின்று கேட்டார். கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, லாரி லோடுக்குக் கட்டுவதுபோல நான்கு பக்கமும் கயிறு கட்டித் தூக்கி வந்திருந்தார்.

“உள்ள வாங்கண்ணா. இறக்கி வைங்க.”

நாமக்கல்லில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் மெகருன்னிசா டீச்சரின் அறை. பாலிடெக்னிக்கில் பத்து வருடம் பாடம் எடுத்தவர். இப்போது கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. கொண்டுவந்தவர் கையாலேயே பழுதைப் பார்க்கவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்.

செங்கோடனைவிடப் பதினெட்டு வயது சின்னவர்.

“யாரு கட்டினது?”

“நானேதாங்க. வீடியோ பார்த்து. ஆறு நாள் ஆச்சு.”

“எதுக்கு?”

“லாரி ஓட்டறதுக்குங்க.”

டீச்சர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர் செங்கோடன். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரே மகள் கோகிலவாணி, ஜெர்மனியில் வேலை. மேசையில் பூட்டுகிற ஸ்டியரிங் உட்பட என்னென்ன வாங்க வேண்டும் என்று அவள்தான் பட்டியல் அனுப்பினாள். லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். அவள் அங்கிருந்து ஒரு லாரி, இவர் இங்கிருந்து ஒரு லாரி. இரண்டும் ஒரே சாலையில் முன்னும் பின்னுமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. காதில் ஹெட்போன். ஓட்டிக்கொண்டே பேசலாம்.

“போன்ல பேச மாட்டீங்களா?”

“போன்ல என்னங்க பேசறது? சாப்ட்டியா, சாப்ட்டேன். முடிஞ்சுது. ஸ்டியரிங் புடிச்சிருந்தாத்தான் எனக்குப் பேச்சே வரும்.”

“சரி. என்ன ஆகுது?”

“இருபது நிமிஷம் ஓடுது. டப்புனு அணைஞ்சுருது. மூணு வாரமா, மூணு தடவையும் ஒரே எடத்துல.”

“எந்த எடத்துல?”

செங்கோடன் கயிற்றின் முடிச்சைப் பார்த்தார்.

“‘அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்’ம்பா. அணைஞ்சுரும்.”

“போன்ல சொல்லச் சொல்றது?”

“கேட்டேனுங்க. ஓட்டறப்பத்தான் சொல்லுவாளாம். போன வாரம் கோவம் வந்துருச்சு அவளுக்கு. ‘நீங்களே அணைக்கறீங்களா? அம்மா ஏதாச்சும் கேட்டா வண்டிச் சாவிய எடுத்துட்டுக் கெளம்பிருவீங்களே, அப்படியா?’ன்னு கேட்டுப்புட்டா. இந்த ஞாயித்துக்கெழமையும் அணைஞ்சா இனிமேல் வர மாட்டாளாம்.”

அன்று புதன்கிழமை.

டீச்சர் ஸ்க்ரூடிரைவரை நீட்டினார்.

“கழட்டுங்க.”

“எதைங்க?”

“எல்லாத்தையும்.”

“ஆறு நாள் வேலைங்க டீச்சர்!”

“கழட்ட ஆறு நாள் ஆகாது.”

சாயங்காலத்துக்குள் மேசை நிரம்பிவிட்டது. எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. கம்ப்யூட்டர் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

“இதுல எதெல்லாம் இல்லாட்டியும் உசுரு இருக்கும்?”

செங்கோடன் யோசித்து, வெட்கத்தோடு, கலர் விளக்குகளை ஓரமாக ஒதுக்கினார்.

“தேர்த்திருவிழா மாதிரி இருக்கும்னு கடைக்காரப் பையன் சொன்னானுங்க.”

“இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க. சாமிதான் வரல.”

குறைந்தபட்சம் என்ன வேண்டுமோ அதை மட்டும் பூட்டி ஓட்டிப் பார்த்தார்கள். இருபதாவது நிமிடத்தில் அணைந்தது. செங்கோடன் மெமரியை மாற்றிப் பூட்டினார். அணைந்தது. கரண்டு கொடுக்கும் பெட்டியை மாற்றினார். அணைந்தது.

ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார் டீச்சர். வியாழக்கிழமை அதை வாங்கிப் பார்த்தார்.

‘நாலு மணி பத்து நிமிஷம். திடீர்னு அணைஞ்சது.’

‘திடீர்னு’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

“லாரி திடீர்னு நிக்குமாண்ணா?”

“யாருகிட்டக் கேக்கறீங்க?” செங்கோடனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “வண்டி நிக்கறதுக்கு அரைமணி முன்னாடியே சொல்லிரும். சத்தத்துலயே சொல்லிரும். ஓட்டறவனுக்குக் காது இருக்கோணும்.”

“ம்.”

டீச்சர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

செங்கோடன் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அது ஓடுகிற சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

ஐந்தாவது நிமிடத்தில் ஃபேன் மெல்ல முனகியது. பத்தாவது நிமிடத்தில் இரைந்தது. பதினெட்டாவது நிமிடத்தில், முழு லோடோடு மலையேறுகிற வண்டிபோலக் கதறியது.

“டீச்சர்! இது சூடாகுதுங்க. ரேடியேட்டர்ல தண்ணி இல்லாத வண்டி கத்தற கத்து!”

“தொட்டுப் பாருங்க.”

ஃபேனுக்கு அடியிலிருந்த உலோகத் தகடுகளின் ஓரத்தில் விரலை வைத்தார். உள்ளே இருக்கும் சிப்பின் சூட்டையெல்லாம் வாங்கி வெளியே தள்ள வேண்டியது அந்தத் தகடுகள்தான்.

“சில்லுனு இருக்குதுங்க!”

“அப்ப சூடு எங்க?”

“உள்ளயேதான் நிக்குது. இதுக்கு வந்து சேரல.”

மெஷின் அணைந்தது.

செங்கோடன் யாரும் சொல்லாமலே திருகுகளைக் கழற்றித் தகடுகளைத் தூக்கினார். புரட்டிப் பார்த்தார். சிப்பின்மேல் படிந்து உட்கார வேண்டிய அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். பூட்டுவதற்கு முன் உரிக்கவும் என்று அதில் இங்கிலீஷில் போட்டிருந்தது.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை மொதல்லயே பார்த்தேனுங்க டீச்சர்.”

“பார்த்துட்டுமா?”

“புதுசாச்சே. கீறல் விழுந்துரும்னு உரிக்காம உட்டுட்டேன்.”

டீச்சர் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

“எங்க ஊட்டு ரிமோட்டுக்குப் பதினோரு வருஷமா கவர் இருக்குங்கண்ணா. உள்ள என்ன கலர்னே எனக்குத் தெரியாது.”

தாளை உரித்து, சிப்பின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்துகிற பழைய பசையைத் துடைத்து, புதுப் பசையைத் தடவிப் பூட்டினார்கள். மெஷின் இருபது நிமிடத்தைத் தாண்டியது. ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. கடை சாத்துகிற வரைக்கும் ஓடியது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஓட்டினார். அணையவே இல்லை. செங்கோடன் இரண்டு கையையும் கூப்பினார்.

“உங்க புண்ணியம்ங்க. எனக்கு எம்பட புள்ளையத் திருப்பிக் குடுத்துட்டீங்க.”

போர்வையை விரித்தார். கயிற்றை எடுத்தார்.

“உக்காருங்கண்ணா. இன்னும் முடியல.”

“என்னங்க இருக்குது இன்னும்?”

“நீங்க எழுதின நோட்டைப் பார்த்தாச்சு. அது எழுதின நோட்டைப் பார்க்கல.”

திரையில் நீளமான ஒரு பட்டியலைத் திறந்தார். அந்த மெஷின் எப்போது எழுந்தது, எப்போது நின்றது, எப்படி நின்றது. எல்லாவற்றையும் அதுவே குறித்து வைத்திருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளையும் தேடி எடுத்தார்.

“மொத ஞாயிறு. ரெண்டு இருபத்தொண்ணு. எதிர்பாராம நின்னிருக்கு.”

“ஆமாங்க.”

“ரெண்டாவது ஞாயிறு. ரெண்டு பத்தொம்பது. அதே மாதிரி.”

“ஆமாங்க.”

டீச்சர் மூன்றாவதைப் படிக்கவில்லை. அதன்மேல் விரலை மட்டும் வைத்தார்.

செங்கோடன் குனிந்து பார்த்தார். முறைப்படி அணைக்கப்பட்டது என்று இருந்தது.

“பட்டனை அழுத்தினாத்தான் இப்படி எழுதும்,” என்றார் டீச்சர்.

கீழே டயர் கடையில் யாரோ சக்கரத்தைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சூட்டுல அணையல.”

“இல்லீங்க.”

“கையா?”

“கைதாங்க.”

அவர் போர்வையை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“அன்னிக்கு மழைங்க டீச்சர். ஊடே குளுந்து கெடந்துச்சு. ‘அப்பா, ஒண்ணு சொல்லோணும்’னா. வழக்கம்போல அதுவே அணைஞ்சுரும்னு பார்த்தேன். அணையல.”

“என்ன சொல்லிருவாங்கன்னு?”

“அவங்கம்மா போனப்ப நான் குவஹாத்தியில நின்னிருந்தேன். வந்து சேர மூணு நாளாச்சு. எல்லாம் முடிஞ்சு போச்சு. பத்தொம்பது வயசுப் புள்ள, ஒத்தையில நின்னு பார்த்திருக்கா. எட்டு வருஷமா ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க. கேக்கற அன்னிக்கு நான் எங்க போவேன்?”

டீச்சர் திரையில் இருந்த பட்டியலை மூடினார்.

செங்கோடன் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இதுக்கு எதைங்க டீச்சர் கழட்டறது?”

டீச்சர் எழுந்து வந்தார். பக்கத்து மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டு, நூல்போல மெல்லிய ஒரு வயரைப் பிடுங்கி ஓரமாகச் சுருட்டி வைத்தார்.

“இது பட்டனுக்குப் போற வயர். இனிமே பட்டனை அழுத்தினா ஒண்ணும் ஆகாது.”

“அப்புறம் எப்படிங்க ஆன் பண்றது?”

வயர் இருந்த இடத்தில் இரண்டு சின்ன ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்க்ரூடிரைவரின் நுனியால் இரண்டையும் சேர்த்து ஒருமுறை தொட்டார். மெஷின் எழுந்துகொண்டது.

“இப்படித் தொட்டாப் போதும்.”

செங்கோடன் சுவரைப் பார்த்தார்.

“செவுத்துல பிளக்கைப் புடுங்கிட்டா?”

“புடுங்கலாம்,” என்றார் டீச்சர்.

தன் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மணி.

செங்கோடன் ஊசிகளைத் தொட்டார். மெஷின் எழுந்தது. ஏதோ ஒரு தேசத்துச் சாலையில் இரண்டு லாரிகள் கிளம்பின. சாலையின் இரண்டு ஓரத்திலும் பனி கொட்டிக் கிடந்தது.

“லைட்டைப் போடு கண்ணு. எதுக்க வர்றவனுக்குத் தெரியோணும்.”

“போட்டுட்டேன்ப்பா. நீங்க இன்டிகேட்டரை அணைங்க. பதினஞ்சு கிலோமீட்டரா இடது பக்கமே திரும்பிட்டிருக்கீங்க.”

பேச்சு வந்தது. எதிர்வீட்டுக்காரர் புதிதாகப் போட்ட போர்வெல்லில் தண்ணீர் வராதது, பல் டாக்டர், இந்த வருஷத்து வெயில். பதினெட்டு நிமிடம் ஆனது. இருபது. இருபத்தைந்து. சாலை மலைமேல் ஏறத் தொடங்கியது.

“அப்பா.”

“ம்.”

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

கை தானாகப் போனது. பட்டனை அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார்.

லாரி ஏறிக்கொண்டிருந்தது.

சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தார். கைக்கெட்டுகிற தூரம்தான். கொஞ்சம் சாய்ந்தால் போதும்.

கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார்.

“சொல்லு கண்ணு.”

“திட்டக் கூடாது.”

“திட்டல.”

“ஆபீஸ் வேலையை உட்டுட்டேன்ப்பா. எட்டு மாசமாச்சு.”

“சரி.”

“பஸ்ஸு ஓட்டறேன்.”

லாரியின் சக்கரம் பனியில் இறங்கியது. ஸ்டியரிங்கை ஒடித்து மேலே ஏற்றினார்.

“என்ன பஸ்ஸு?”

“டவுன் பஸ்ஸு. ரயில்வே ஸ்டேஷன்லருந்து ஆஸ்பத்திரி வரைக்கும். ஒரு நாளைக்குப் பத்து நடை.”

“எத்தனை கியரு?”

“கியரே இல்லப்பா. ஆட்டோமேட்டிக்கு.”

“அப்புறம் அது என்ன பஸ்ஸு.”

அவள் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

“இதுக்காடி உன்னைப் படிக்க வெச்சேன்னு கேப்பீங்கன்னு பயந்துட்டே இருந்தேன். ஒவ்வொரு வாரமும் வாய் வரைக்கும் வரும். ஆபீஸ்ல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்கப்பா. பஸ்ல அப்படி இல்ல. ஏர்றவங்க அத்தனை பேரும் எனக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் ஏர்றாங்க.”

“சொல்லோணுமில்ல. டிரைவருன்னா சும்மாவா.”

“வேலைக்கு எடுத்தவரு ஒரு தாடிக்காரரு. ரொம்பக் கறாரு. தண்ணி நெறைஞ்ச டம்ளரை பஸ்ஸுக்குள்ள வெச்சு என்னை பிரேக் புடிக்கச் சொன்னாருப்பா. ஒரு சொட்டு சிந்தல. மறுக்கா புடிக்கச் சொன்னாரு. சிந்தல. யாருகிட்டக் கத்துக்கிட்டேன்னு கேட்டாரு.”

செங்கோடன் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பத்தாங் கிளாஸ் லீவுல கொச்சிக்கு முட்டை லோடு போனப்ப என்னையும் கூட்டிட்டுப் போனீங்களே. பாலக்காடு தாண்டி எருமை குறுக்க வந்துச்சே. லோடு முழுக்க முட்டை. ஒண்ணுகூட ஒடையல. நான் எருமையைப் பார்க்கலப்பா. உங்க காலைத்தான் பார்த்துட்டிருந்தேன். அதைச் சொன்னேன் அவருகிட்ட. எங்கப்பாகிட்டக் கத்துக்கிட்டேன்னு சொன்னேன்.”

மலைமேல் வளைவுகள் வந்தன. ஒன்று, இன்னொன்று.

“அப்பா?”

பனி விழுந்துகொண்டிருந்தது.

“அப்பா, இருக்கீங்களா?”

“இருக்கறேன் கண்ணு. ஓட்டு.”