செவ்வாலன் சொன்ன இருபது முந்திரி

செவ்வாலன் என்ற கீரிக்கு முந்திரிக் காட்டில் நல்ல பெயர். மயில் முட்டையிட்ட புதருக்குள் சாரை நுழைந்தாலும், முயல் வளையில் விரியன் சுருண்டு கிடந்தாலும், அதைத்தான் கூப்பிடுவார்கள். போகும், பாம்பைப் பிடிக்கும், கூலியை முந்திரியாக வாங்கிக்கொண்டு வரும். யாரிடமும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. முதலாளியும் அதுவே, கூலியாளும் அதுவே.

இப்படிப்பட்ட தொழிலில் வருமானம் ஒரு சீராக இருக்காது. மழைக்காலத்தில் மூச்சு விட நேரம் இருக்காது. கோடையில் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் கூப்பிட ஆள் வராது. அப்படியும் வருஷத்துக்கு இருநூறு முந்திரி தேறிவிடும்.

அந்தக் காட்டில் ஒரு பொதுக் களஞ்சியம் இருந்தது. அறுவடை முடிந்ததும் ஒவ்வொருவரும் அங்கே போய், தம் வருமானம் எவ்வளவு என்று சொல்லி, பத்தில் ஒரு பங்கை வைத்துவிட்டு வரவேண்டும். பஞ்சம் வந்தால் எல்லார் வயிற்றுக்கும் அதிலிருந்துதான் சோறு. களஞ்சியத்தைக் காத்தது ஓர் ஆமை. யார் என்ன சொன்னாலும் அது வீடு தேடிப் போய்ச் சரிபார்க்காது. சொன்னதைக் கேட்டுக்கொள்ளும். கேட்டதை மறக்காது.

முதல் வருஷம் செவ்வாலன் களஞ்சியத்துக்குப் புறப்பட்டபோது நரி வழியை மறித்தது.

"இருநூறுன்னா சொல்லப்போறே? இருபது முந்திரி தண்டமாப் போகுமே! யாரு வந்து எண்ணிப் பாக்கப்போறா?"

"பின்னே என்ன சொல்றது?"

"மொத்தமே இருபதுன்னு சொல்லு! ரெண்டோட முடிஞ்சிடும். பொழைக்கத் தெரிஞ்சவனெல்லாம் அப்படித்தான் பண்றான்!"

செவ்வாலனுக்கு அந்த யோசனை இனித்தது. ஆமையின் முன்னால் போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

"தொழிலே படுத்துடுச்சு, ஆமையாரே! பாம்பு கண்ணுலயே படமாட்டேங்குது. மொத்தமே இருபதுதான்!"

"அடப் பாவமே!" என்றது ஆமை. "சரி, ரெண்டு வெச்சிட்டுப் போப்பா."

செவ்வாலன் வீட்டுக்கு வந்து, தான் அழுத அழுகையை மனைவி கோமளிக்கு நடித்துக் காட்டியது. இரண்டும் வயிறு வலிக்கச் சிரித்தன. மிச்சப்பட்ட பதினெட்டு முந்திரியில் அன்றைக்கே விருந்து. யோசனை சொன்ன நரிக்குப் பெரிய பங்கு. அடுத்த நான்கு வருஷமும் அதே முகம், அதே இருபது, அதே விருந்து!

களஞ்சியத்து வரிசையில் செவ்வாலனுக்குப் பின்னால் ஒரு பெருச்சாளி நிற்கும். கூப்பிட்ட இடத்தில் வாய்க்கால் தோண்டிக் கொடுப்பது அதன் பிழைப்பு. "நூத்திருபது" என்று உள்ளதைச் சொல்லிப் பன்னிரண்டு முந்திரியை வைக்கும்.

"உனக்குப் பொழைக்கவே தெரியலையே!" என்று நரி கேலி செய்யும். செவ்வாலனும் கூடச் சேர்ந்து சிரிக்கும். பெருச்சாளி மூக்கில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு தன் வழியே போகும்.

ஊரெல்லாம் பேர் எடுத்த கீரிக்குச் சொந்தமாக ஒரு வீடு இல்லை. பள்ளத்தில் ஓர் உடும்புக்குச் சொந்தமான பொந்தில் வாடகைக்கு இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் நேராக உள்ளே வரும். போன மழையில் அப்படித்தான் வந்தது. அப்போது பிறந்திருந்த ஒரே குட்டி குளிரில் விறைத்துச் செத்துப்போனது. கோமளி பல நாள் எதுவும் தின்னவில்லை. செவ்வாலனும் உள்ளுக்குள் உடைந்துதான் போனது. ஆனால் வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா?

இப்போது கோமளி மறுபடியும் கர்ப்பம்.

"இந்தத் தடவை மழைக்கு முன்னாடி மேட்டுல வீடு வேணும்" என்றது கோமளி. "உங்க கூலியில அப்பப்போ எடுத்து வெச்சது நூறு முந்திரி இருக்கு. போய்க் கேட்டுட்டு வாங்க!"

செம்மண் மேட்டில் முள்ளம்பன்றி ஒரு வளையை விற்பதற்குத் தயாராக வைத்திருந்தது. இரண்டு வாசல், தண்ணீர் ஏறாத உயரம், காய்ந்த தரை. செவ்வாலன் உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தது. எழுந்து வரவே மனமில்லை.

"முந்நூறு முந்திரி!" என்றது முள்ளம்பன்றி. "நூறுதான் இருக்கா? களஞ்சியத்துல கேளுங்க. ஒரு வருஷ வருமானம் எவ்வளவோ அவ்வளவு கடன் தருவாங்க. உங்களுக்கென்ன, கேட்ட உடனே கிடைக்கும்!"

இருநூறு வருமானம், இருநூறு கடன். கணக்கு கச்சிதமாக இருக்கிறதே என்று செவ்வாலன் துள்ளிக்கொண்டு ஓடியது.

"வீடு வாங்கப்போறேன், ஆமையாரே! இருநூறு முந்திரி கடன் வேணும்!"

ஆமைக்கு உண்மையிலேயே சந்தோஷம். "ரொம்ப நல்லதுப்பா! ஆனா உனக்கு இருபதுதான் தரமுடியும்."

"இருபதா? என் வருமானம் இருநூறு!"

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்!"

"நீதானே அஞ்சு வருஷமா இருபதுன்னு சொன்னே?"

செவ்வாலன் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"அது... பங்கு கொடுக்கறதுக்காகச் சொன்னது."

"நான் உன் பேச்சை நம்பினேன்ப்பா" என்றது ஆமை. அதன் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடச் செவ்வாலனுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். "இருபது சம்பாதிக்கறவனுக்கு இருநூறு கொடுத்தா, நீ அதை எப்படித் திருப்பிக் கட்டுவே? பட்டினி கிடந்தா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"உண்மையிலேயே இருநூறுதான், ஆமையாரே!"

"அப்படின்னா வருஷத்துக்குப் பதினெட்டு வீதம் அஞ்சு வருஷத்துப் பாக்கி தொண்ணூறு. அதைக் கொண்டுவந்து வை. அப்புறம் ஒரு முழு அறுவடைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லு. அந்தக் கணக்குக்குக் கடன் தரேன்."

"அதுக்குள்ள மழை வந்துடுமே!"

"வந்துடும்" என்றது ஆமை. அதற்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் களஞ்சியம் அதன் சொந்தச் சொத்து இல்லையே!

செவ்வாலன் வீட்டுக்கு வந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னது. "எல்லாம் அந்த நரியாலே வந்தது!" என்று பல்லைக் கடித்தது.

"நரி சொல்லுச்சு. பொய் நம்மதுதானே?" என்றது கோமளி. "நீங்க நடிச்சுக் காட்டினப்போ நானும்தானே சிரிச்சேன்? போங்க, பாக்கியைக் கட்டிட்டு வந்துடுங்க. இப்பக் கட்டலேன்னா அடுத்த வருஷமும் இந்தப் பொந்துதான்."

செவ்வாலன் களஞ்சியத்தில் தொண்ணூறு முந்திரியை எண்ணி வைத்தது. தின்று தீர்த்த விருந்துகளுக்கு இப்போது விலை கொடுப்பது போலிருந்தது. கையில் மிஞ்சியது பத்து.

அந்த வாரமே மேட்டு வளை விற்றுப்போனது. வாங்கியது யார் தெரியுமா? பெருச்சாளி! சேர்த்து வைத்திருந்தது நூற்றெண்பது, களஞ்சியத்தில் கடன் நூற்றிருபது. ஆமை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வானம் கறுக்கத் தொடங்கியது. செவ்வாலன் மேட்டுப் பக்கம் போவதும், வாசல் வரை போகாமல் திரும்பி வருவதுமாக இருந்தது. எந்த முகத்தோடு போய்ப் பெருச்சாளியிடம் இடம் கேட்பது? கடைசியில் கோமளியே பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு மேடேறியது. வேறு வழியில்லாமல் செவ்வாலனும் பின்னால் போனது.

"அண்ணே, இந்த மழைக்கு மட்டும் ஒரு மூலை கிடைக்குமா? வாடகை கொடுத்துடறோம்."

பெருச்சாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. கீரிக்கு இடம் கொடுப்பதென்றால் எந்தப் பெருச்சாளிதான் யோசிக்காது?

"பின்வாசல் பக்கத்து அறையை எடுத்துக்கோங்க. மாசம் நாலு முந்திரி. ஆனா ஒண்ணு, உங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்துப் பல்லைக் காட்டக் கூடாது!"

"காட்ட மாட்டேன்!" என்றது செவ்வாலன், வாயை இறுக மூடிக்கொண்டு.

மழை கொட்டித் தீர்த்தது. பள்ளத்துப் பொந்து நாலே நாளில் மூழ்கியது. மேட்டில் காய்ந்த தரையில் மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றும் பிழைத்தன. செவ்வாலன் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும், இன்னொருவர் வீட்டில் இருக்கிறோம் என்ற உறுத்தலும் கூடவே இருந்தது.

அடுத்த அறுவடை வந்தது. வரிசையில் நரி காதோடு காதாகக் கேட்டது. "என்ன, வழக்கம்போல இருபதுதானே?"

செவ்வாலன் அதைத் தள்ளிவிட்டு முன்னால் போனது. காடே கேட்கும்படி கத்தியது.

"இருநூத்திப் பத்து!"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. செவ்வாலன் இருபத்தோரு முந்திரியை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தது. கொடுக்க மனசு வலிக்கத்தான் செய்தது.

"ஒரே வருஷத்துல தொழில் இவ்வளவு நல்லா ஆயிடுச்சா?" என்று ஆமை சிரித்தது.

"எனக்கு வீடு வாங்கணும், ஆமையாரே!"

"நல்லதுப்பா. உனக்கு இனிமே இருநூத்திப் பத்து வரைக்கும் கடன் உண்டு."

செவ்வாலன் அங்கிருந்து நேராக முள்ளம்பன்றியிடம் ஓடியது. பக்கத்து மேட்டில் அது புதிதாக ஒரு வளை தோண்டிக்கொண்டிருந்தது. போன வருஷத்து வளையைப் போலவே இரண்டு வாசல், அதே அளவு.

"என்ன விலை?"

"முந்நூத்தி அறுபது!" என்றது முள்ளம்பன்றி. "மேட்டு மண்ணுக்கு இப்போ கிராக்கி ஜாஸ்தி!"

கடன் போக இன்னும் நூற்றைம்பது வேண்டும். கோமளி சேர்த்திருந்தது நாற்பது. செவ்வாலன் அன்று மாலையே பெருச்சாளியிடம் போய், பல்லைக் காட்டாமல், இன்னும் இரண்டு வருஷத்துக்கு அந்த அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

பங்கு கொடுக்க ஒரு வருமானம், கடன் கேட்க ஒரு வருமானம் என்று இரண்டு வைத்திருப்பவனுக்கு, அவசர நேரத்தில் சின்னதுதான் கைக்கு வரும்.