தவிட்டுக்குருவிகள் ஏன் ஓயாமல் சண்டை போடுகின்றன

அந்தக் காலத்தில் தவிட்டுக்குருவிகள் சண்டை போட்டதே இல்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. கூட்டம் தரையில் சருகைக் கிளறிக் கறையான் தின்னும். வாகை மரத்து உச்சியில் ராக்கு என்ற குருவி உட்கார்ந்து, வல்லூறு வருகிறதா என்று பார்ப்பாள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அவள் மட்டும்தான்.

ஏன் அவள் மட்டும்? முதல் நாள் அவள் ஏறினாள், அதனால். வேறு காரணம் கிடையாது.

இருட்டி இறங்கினால் மிச்சம் மீதி ஏதாவது கிடக்கும். புகழ்ச்சிக்கு மட்டும் பஞ்சமே இல்லை. இரையைத் தொடுமுன் கூட்டம் முழுக்க மேலே பார்த்து, "எங்கள் கண்ணே ராக்கு!" என்று வாழ்த்துவது அவர்கள் வழக்கம். வாழ்த்திவிட்டுக் குனிந்தால் பிறகு யாரும் நிமிர மாட்டார்கள்.

"நம்ம கூட்டம் மாதிரி செழிப்பா எந்தக் கூட்டம் இருக்கு?" என்பார் மூத்தவர் கொம்பையா, தொப்பையை அலகால் நீவிக்கொண்டே.

'நம்ம கூட்டம்' என்றால் அதில் நானும் சேர்த்தியா என்று ராக்கு மேலிருந்து யோசிப்பாள். யோசிக்கவும் அலுப்பாக இருக்கும்.

ஒரு நாள் பசியில் அவளுக்குக் கண் இருட்டியது. வந்த நிழலை மேகம் என்று நினைத்துவிட்டாள். வல்லூறு பாய்ந்து அவள் அண்ணி அழகியின் வாலைப் பிய்த்துக்கொண்டு போனது. உயிர் தப்பியதே பெரிது.

"கண்ணை எங்கேடி வச்சிருந்தே?" என்று அலறினாள் அழகி.

"பசி அண்ணி. காலையிலேருந்து ஒரு புழுகூட இல்லை."

"உன்னைத் தலையிலே வச்சுக் கொண்டாடுறோமே, அது போதாதா?"

கொம்பையா சமாதானத்துக்கு வந்தார். "சரி விடுங்க. நாளையிலேருந்து ராக்குவை ரெண்டு தடவை வாழ்த்திடலாம்."

ராக்குவுக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு களைப்பு. கிளையை விட்டு இறங்கிக் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"ஏம்மா இறங்கிட்டே? மேலே யாரு இருக்கிறது?" என்றார் கொம்பையா.

"யாரு ஏறுறாங்களோ, அவங்களை நான் வாழ்த்துறேன் மாமா. ரெண்டு தடவை."

"கூட்டம் அழிஞ்சு போயிடுமேம்மா!"

"என் வயிறும் கூட்டத்திலே ஒரு வயிறுதானே?"

மேலே ஏறுவது என்றால் எல்லாரிடமும் சாக்குத்தான் இருந்தது. கொம்பையாவுக்கு மூட்டுவலி. இளசுகளுக்கு உயரம் ஆகாது. ஆளுக்கொன்று சொல்ல, இரைச்சல் காடு முழுக்கக் கேட்டது. வல்லூறு மறுபடி வட்டமிட்டது. அதன் நகம் எப்படி இருக்கும் என்று அழகிக்குத்தான் தெரியும். திட்டிக்கொண்டே அவள் ஏறினாள்.

"கொஞ்ச நேரம்தான்! அடுத்தது மாமா! ஐயோ, இங்கே வெயில் கொளுத்துதே, சீக்கிரம் வாங்க!"

ராக்கு ஒரு கறையானைக் கொத்தினாள். இரண்டாவதைக் கொத்துமுன், அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் நின்றபடியே தூங்கிப்போனாள்.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் மாற்றி மாற்றிக் கிளையேறிக் காவல் இருக்கின்றன. வேலியோரம் அவை கச்சகச்சவென்று கத்துவதைக் கேட்டு, ஒற்றுமை இல்லாத ஜன்மங்கள் என்று நாம் திட்டுகிறோம். அடுத்தது யார் முறை என்றுதான் அவை கேட்டுக்கொண்டிருக்கின்றன.